ஓட்டமா, எடையா, பந்தா? வீராங்கனைகளின் மூளைநலம்: வாசகர் கேள்வி-பதில்

விளையாடும் பெண்களின் உடற்பயிற்சிக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பற்றி கன்னியாகுமரி மாவட்ட வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும் இங்கே. கேட்டவர்களின் பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறோம்.

வாசகி, நாகர்கோவில்: கல்லூரி அணியில் 800 மீட்டர் ஓடுகிறேன், வயது 18. உடற்பயிற்சி செய்தால் ‘பிடிஎன்எஃப்’ என்ற புரதம் கூடி மூளைக்கு நல்லது என்கிறார்கள். ஒரு தனியார் ஆய்வகத்தில் அதை இரத்தத்தில் பார்த்துத் தருவதாகச் சொன்னார்கள். பார்க்கலாமா? எந்தப் பயிற்சியில் அது அதிகம் கூடும்?

அந்தப் பணத்துக்கு நல்ல ஓட்டக் காலணி வாங்குங்கள். பரிசோதனை வேண்டாம்.

பிடிஎன்எஃப் முக்கியமான புரதம்தான். 1982-இல் ஈவ் பார்ட், ஹான்ஸ் தோனன் என்ற இருவர் பன்றியின் மூளையிலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். நரம்பு செல்கள் சாகாமல் இருக்கவும், அவற்றுக்கிடையே புதிய இணைப்புகள் உண்டாகவும் அது தேவை. நினைவாற்றலுக்கு அடிப்படையான ஹிப்போகேம்பஸ் பகுதியில் அதற்கு வேலை அதிகம்.

சிக்கல் அளவிடுவதில் இருக்கிறது. இரத்தத்தில் உள்ள பிடிஎன்எஃப்பில் பெரும்பகுதி, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களுக்குள் அடைந்து கிடக்கிறது. இரத்தம் குழாயில் உறையும்போது தட்டணுக்கள் அதை வெளியே விடும். அதனால் உறைந்தபின் பிரியும் தெளிநீரான சீரத்தில் பார்த்தால் ஓர் அளவு வரும். உறையவிடாமல் எடுத்த பிளாஸ்மாவில் பார்த்தால் பல மடங்கு குறைந்த அளவு வரும். குழாயை எத்தனை நிமிடம் உறைய வைத்தார்கள் என்பதைப் பொறுத்தே எண் மாறும். கடைசியாக எப்போது ஓடினீர்கள், மாதச் சுழற்சியில் எத்தனையாவது நாள் என்பவையும் அதை மாற்றும். ஆய்வில் பலரை ஒரே முறையில் அளந்து சராசரி எடுத்தால் அதற்குப் பொருள் உண்டு. ஒருத்தியின் கையில் கொடுக்கப்படும் ஒற்றை எண்ணை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

எந்தப் பயிற்சி என்ற கேள்விக்கு ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. மூச்சு வாங்க வைக்கும் பயிற்சி முடிந்ததும் பிடிஎன்எஃப் ஏறுகிறது. பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. வேகம் கூடினால் ஏற்றமும் கூடும். தசை வேகமாக வேலை செய்யும்போது உண்டாகும் லாக்டேட் இரத்தத்தின் வழியே மூளைக்குள் போகிறது. எலிகளில் அதுவே ஹிப்போகேம்பஸில் பிடிஎன்எஃப் உற்பத்தியைத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறார்கள். லாக்டேட்டைக் கழிவு என்று நினைக்கும் பழைய எண்ணத்தை விட்டுவிடலாம். தவிர, ஓய்வு நிலையில் உள்ள அளவு மாதக்கணக்கான பயிற்சியால் கூடுமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு அலசலில், ஓட்டம், சைக்கிள் போன்ற ஏரோபிக் பயிற்சிக்குக் கூடியது. எடைப் பயிற்சிக்கு மட்டும் எனப் பார்த்தபோது கூடியதாகத் தெரியவில்லை.

வீராங்கனைகள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று: 2015-இல் 29 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பெண்கள் அதிகம் இருந்த ஆய்வுகளில் இந்த ஏற்றம் குறைவாக இருந்தது. அதனால் பெண்களின் மூளைக்குப் பலன் குறைவு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் பிடிஎன்எஃப்பைக் கூட்டக்கூடிய ஹார்மோன். மாதத்துக்குள்ளேயே அந்த அளவு ஏறி இறங்கும். எந்த நாளில் இரத்தம் எடுத்தோம் என்று குறிக்காமல் எல்லாப் பெண்களையும் ஒரே கூடையில் போட்டால் ஏற்றம் மங்கித்தான் தெரியும்.

உங்களுக்கு நடைமுறை: வாரத்தில் இரண்டு நாள் மட்டும் கடினமாக ஓடுங்கள். 10 நிமிடம் மெதுவோட்டம், பிறகு 4 நிமிடம் வேகம், 3 நிமிடம் மிக மெதுவாக. வேகமும் மெதுவும் இப்படி மாற்றி மாற்றி நான்கு முறை. வேகப் பகுதியின் கடைசி நிமிடத்தில் நாடி உச்ச அளவில் 85 முதல் 95 சதவீதம் இருக்க வேண்டும். உச்ச நாடியை 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்துக் கணக்கிடலாம். 18 வயதுக்கு ஏறக்குறைய 195. நின்றவுடனே கழுத்தில் விரல் வைத்து 15 விநாடி எண்ணினால் 42 முதல் 46 துடிப்பு வர வேண்டும். முதல் 4 நிமிடத்திலேயே 46-ஐத் தாண்டினால் நான்காவது சுற்று வெறும் நடையாகிவிடும். மற்ற ஓட்ட நாட்களில் முழு வாக்கியமாகப் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். எங்கள் பார்வையில் இங்கே பலரும் தவறுவது இந்த இடத்தில்தான்: எல்லா நாளும் நடுத்தரமாகத் திணறி ஓடுகிறார்கள். கடின நாளில் வேகமும் வருவதில்லை, எளிய நாளில் ஓய்வும் கிடைப்பதில்லை.

வாசகி, குளச்சல்: காலையில் வெறும் வயிற்றில் கடற்கரை மணலில் ஓடினால் மூளைப் புரதம் இரட்டிப்பாகும் என்று ஒரு காணொலியில் பார்த்தேன். உண்மையா?

உண்மையில்லை. நியூசிலாந்தின் ஒட்டாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட ஆய்வில் 6 ஆண்கள், 6 பெண்கள் என 12 பேரைச் சோதித்தார்கள். 20 மணி நேரப் பட்டினியால் மட்டும் பிடிஎன்எஃப் ஏறவில்லை. 90 நிமிட மெதுவான சைக்கிளுக்குக் கொஞ்சம் ஏறியது. மொத்தம் 6 நிமிடம், இடைவெளி விட்டு விட்டு முழுவேகத்தில் மிதித்தபோது மற்ற இரண்டையும்விட நான்கைந்து மடங்கு ஏறியது. காரணம் வேகம், காலி வயிறு அல்ல.

மணலில் ஓடுவதால் மூளைக்குத் தனிப் பலன் எதுவும் காட்டப்படவில்லை. கால் புதைவதால் அதே வேகத்துக்குக் கூடுதல் உழைப்பு தேவைப்படும், அவ்வளவே. அலை நனைத்த இறுகிய மணலில் ஓடினால் கரை சரிவாக இருப்பதால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்து விழும். போகும்போது எவ்வளவு தூரமோ, திரும்பும்போதும் அதே தூரம் அதே பாதையில் வாருங்கள். கிளம்புவதற்கு அரை மணி நேரம் முன்பு ஓர் ஏத்தன்பழமோ இரண்டு மட்டிப்பழமோ சாப்பிடுங்கள்.

ஒரு தாய், மார்த்தாண்டம்: மகள் பளு தூக்குகிறாள், வயது 16. மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது முகம் சிவந்துவிடுகிறது. தலைக்குள் அழுத்தம் கூடி மூளைக்குக் கேடு வருமோ என்று பயமாக இருக்கிறது. ஓடுகிற பிள்ளைகளுக்குக் கிடைக்கும் நன்மை இவளுக்கும் கிடைக்குமா?

மூச்சைப் பிடித்துத் தூக்கும்போது இரத்த அழுத்தம் சில விநாடிகள் எகிறுவது உண்மை. ஆரோக்கியமான இளம் உடல் அதைத் தாங்கும். பாரத்தை இறக்கியதும் கண் இருட்டிக்கொண்டு வந்தால், மூச்சை அதிக நேரம் பிடிக்கிறாள் என்று பொருள். கம்பி கடினமான இடத்தைக் கடந்தவுடனே மூச்சை விடப் பழக்குங்கள். ஒவ்வொரு தூக்கலுக்கும் புதிதாக மூச்செடுக்க வேண்டும். தூக்கும்போது திடீரென இடி விழுந்தது போல உச்சக்கட்டத் தலைவலி வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்; மறுநாள் பார்க்கலாம் என்று விடக்கூடாது.

பலன் உண்டு, ஆனால் வேறு பாதையில் வருகிறது. எடைப் பயிற்சியோடு அதிகம் பேசப்படுவது, செல்களின் வளர்ச்சியைத் தூண்டும் ஐஜிஎஃப்-1 என்ற புரதம். பெண்களை மட்டும் வைத்துச் செய்த நல்ல ஆய்வு ஒன்று கனடாவில் நடந்தது, 2010-இல் வெளிவந்தது. 65 முதல் 75 வயது வரையான 155 பெண்களில், வாரம் ஒன்றோ இரண்டோ முறை ஓராண்டு எடைப் பயிற்சி செய்தவர்களுக்குக் கவனத்தைச் சிதறவிடாமல் தேவையானதை மட்டும் தேர்ந்தெடுக்கும் திறன் மேம்பட்டது. சமநிலைப் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அந்த மேம்பாடு இல்லை. வயது வேறு என்றாலும், எடை தூக்கினால் மூளைக்கு ஒன்றும் கிடைக்காது என்ற பேச்சுக்கு இது பதில். மகளுக்கு வாரம் இரண்டு நாள் 25 நிமிட வேக நடையோ சைக்கிளோ, தூக்கும் பயிற்சிக்குப் பிறகு, சேர்த்துக்கொண்டால் இரண்டு பக்கப் பலனும் கிடைக்கும்.

உண்மையில் நீங்கள் கவலைப்பட வேண்டியது எடைப் பிரிவு. போட்டிக்கு முந்தைய இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல், வியர்க்க வியர்க்க ஓடி எடையைக் குறைக்கும் பழக்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உடல் எடையில் 2 சதவீதம் நீர் இழந்தாலே கவனம் தளரத் தொடங்கும். 55 கிலோ பெண்ணுக்கு அது வெறும் 1.1 கிலோ. நம் கடலோர ஈரப்பதத்தில் ஒரு மாலைப் பயிற்சியிலேயே அவ்வளவு போய்விடலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்க்கச் சொல்லுங்கள். குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் வரை, உப்புச் சேர்ந்த கஞ்சித் தண்ணீராகவோ மோராகவோ, அடுத்த சில மணி நேரத்தில் சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். வளரும் வயதில் எடைப் பிரிவை ஒன்று ஏற்றிக்கொள்வதே நல்லது என்பது எங்கள் உறுதியான கருத்து.

வாசகி, தக்கலை: தங்கை +2 படிக்கிறாள், 5,000 மீட்டர் ஓடுகிறாள். நான்கு மாதமாக மாதவிடாய் வரவில்லை. “நல்லா ஓடுறவங்களுக்கு அப்படித்தான்” என்று மைதானத்தில் சொல்கிறார்களாம். படித்தது மறக்கிறது, எரிந்து விழுகிறாள். பயிற்சி அதிகமானதால் மூளை தளர்ந்ததா?

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் மற்றவற்றை ஒதுக்கிவைத்து முதலில் இதற்குத்தான் பதில் எழுதினோம். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றால் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அது நன்றாக ஓடுவதன் அடையாளம் அல்ல. உடலுக்குப் போதுமான உணவு கிடைக்கவில்லை என்பதன் அடையாளமாக இருக்க வாய்ப்பு மிகுதி. விளையாடுபவர்களுக்கு வரும் இந்த ஆற்றல் பற்றாக்குறையைச் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014 முதலே ‘ரெட்-எஸ்’ என்ற பெயரில் எச்சரித்து வருகிறது. மூளை, எலும்பு, இதயம், மனநிலை எல்லாவற்றையும் அது பாதிக்கும்.

கணக்கு இப்படி. கொழுப்பு நீங்கிய உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், பயிற்சிக்குச் செலவானது போக, நாளுக்கு 45 கிலோகலோரி மிஞ்சுவது நல்லது. 30-க்குக் கீழே போனால் ஆபத்து. தங்கை 50 கிலோ, அதில் கொழுப்பு ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கொழுப்பு நீங்கிய எடை 40 கிலோ. ஓட்டத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு, ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோகலோரி ஆகும். 10 கிலோமீட்டர் ஓடினால் 500. ஆக அவள் சாப்பிட வேண்டியது 45 பெருக்கல் 40, அதாவது 1,800, கூட 500, மொத்தம் 2,300. அவள் 1,700-க்குக் கீழே சாப்பிட்டால் ஆபத்துக் கோட்டுக்கு அடியில் இருக்கிறாள். காலையில் கட்டன் சாயாவோடு மைதானத்துக்கு ஓடி, குளித்துவிட்டு இரண்டு இட்லியோடு பள்ளிக்கு ஓடும் பிள்ளைகள் 1,700-ஐத் தொடுவது கடினம். யாரும் வேண்டுமென்று பட்டினி கிடப்பதில்லை. நேரம்தான் சாப்பாட்டைத் தின்றுவிடுகிறது.

30-க்குக் கீழே எவ்வளவு நாள் இருந்தால் பாதிப்பு தொடங்கும்? இளம் பெண்களிடம் செய்த சோதனையில், மாதச் சுழற்சியை இயக்கும் எல்ஹெச் ஹார்மோன் விட்டு விட்டுச் சுரக்கும் துடிப்பு 5 நாளிலேயே குலைந்தது. அந்தத் துடிப்பு குலைந்தால் ஈஸ்ட்ரோஜன் குறையும். நினைவுக்குத் தொடர்பான பகுதிகளில் ஈஸ்ட்ரோஜனுக்கு வேலை இருக்கிறது. மாதவிடாய் நின்ற 14 முதல் 25 வயது வரையான வீராங்கனைகளுக்கு ஆறு மாதம் ஈஸ்ட்ரோஜன் கொடுத்துப் பார்த்த ஆய்வில், கொடுக்காதவர்களைவிடச் சொற்களை நினைவில் வைக்கும் திறன் மேம்பட்டது. மறதிக்கு ஹார்மோன் குறைவு ஒரு காரணம் என்பது இதில் தெரிகிறது. அதற்காகக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். கருத்தடை மாத்திரையால் வரும் இரத்தப்போக்கு, உணவுப் பற்றாக்குறையை மறைத்துவிடும். முதல் மருந்து சாப்பாடு.

இந்த வாரமே செய்ய வேண்டியவை: ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அருகிலுள்ள மகப்பேறு மருத்துவரிடமோ காட்டுங்கள். தைராய்டு, புரோலாக்டின் போன்ற பிற காரணங்களை அவர்கள் பார்ப்பார்கள். ஹீமோகுளோபினோடு, உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பார்க்கச் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேலே இருந்தாலும் ஃபெரிட்டின் லிட்டருக்கு 30 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புச் சேமிப்பு வற்றிவிட்டது என்று பொருள். மூளையில் செய்தி கடத்தும் டோபமைன் உண்டாகவும் நரம்பு இழைகளின் உறை வளரவும் இரும்பு வேண்டும். அதனால் இரத்தசோகை வருவதற்கு முன்பே கவனக்குறைவும் எரிச்சலும் வரலாம்.

பயிற்சியை முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. மருத்துவர் சொல்லும்வரை வேக ஓட்டத்தை நிறுத்தி, தூரத்தைப் பாதியாக்குங்கள். ஓடி முடித்து அரை மணி நேரத்துக்குள் ஏத்தன்பழமும் இரண்டு முட்டையும் மைதானத்திலேயே சாப்பிடட்டும். டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புங்கள். புட்டும் பயறும், மரச்சீனிக்கிழங்கும் சாளைக் கறியும் நம் வீட்டுச் சாப்பாடுதானே. கிழங்கு மாவுச்சத்தைத் தரும், சாளை புரதத்தோடு ஒமேகா-3 கொழுப்பையும் எளிதில் சேரும் இரும்பையும் தரும். சாயாவைச் சாப்பாட்டோடு சேர்க்காமல் ஒரு மணி நேரம் தள்ளிவையுங்கள்; அது இரும்பை உடலில் சேரவிடாது. இரவு 8 மணி நேரமாவது தூங்கட்டும். அதிகாலை 4.30-க்கு எழுந்து ஓடவும், இரவு 11.30 வரை படிக்கவும் ஒரே பிள்ளையால் முடியாது. காலை ஓட்டத்தில் இரண்டு நாளை மாலைக்கு மாற்றித் தரும்படி பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

வாசகி, இரணியல்: மாதவிடாய் நாட்களில் பயிற்சியை விட வேண்டுமா? விட்டால் மூளைக்குக் கிடைக்கும் பலன் போய்விடுமா?

விட வேண்டியதில்லை, விட்டாலும் ஒன்றும் போய்விடாது. மூன்று நாள் ஓய்வு, மாதக்கணக்கான பயிற்சியை அழிக்காது. வலி இருந்தால் வேகத்தைக் குறையுங்கள், அவ்வளவுதான். இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தால், ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் நனைந்தால், ஃபெரிட்டினைப் பாருங்கள்.

பயிற்சியாளர், தூத்தூர்: எங்கள் பகுதியில் கால்பந்து எல்லோர் வீட்டிலும் உண்டு. இப்போது பெண் பிள்ளைகளும் வருகிறார்கள். 14, 15 வயதுக்காரர்களுக்குத் தலையால் முட்டக் கற்றுக்கொடுக்கலாமா? மூளை அடிபட்டதா என்று இரத்தத்தில் கண்டுபிடிக்க முடியும் என்கிறார்களே?

கற்றுக்கொடுக்கலாம், எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினால். கால்பந்து மூளைக்கு நல்ல விளையாட்டு. ஓட்டத்தின் வேகமும் அதில் இருக்கிறது, நொடிக்கு நொடி முடிவெடுக்கும் வேலையும் இருக்கிறது. கெடுதல் வருவது தலையில் படும் அடியால் மட்டும்.

அதில் பெண்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். 2018-இல் அமெரிக்காவில் 49 ஆண்கள், 49 பெண்கள் என அமெச்சூர் கால்பந்து வீரர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். முட்டிய எண்ணிக்கை ஏறக்குறைய சமமாக இருந்தும், மூளையில் நரம்பு இழைகள் நிறைந்த வெண்பொருளில் மாற்றம் தெரிந்த பகுதியின் அளவு பெண்களிடம் ஐந்து மடங்கு அதிகம். கழுத்துத் தசையின் வலு குறைவாக இருப்பது, ஹார்மோன் வேறுபாடு ஆகியவை காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2015-இல் 10 வயது வரையுள்ளோர் முட்டுவதைத் தடை செய்தது. இங்கிலாந்தின் வழிகாட்டுதலில் 14 முதல் 16 வயது வரை வாரம் ஒரு பயிற்சி, அதில் அதிகபட்சம் 10 முட்டல். நீங்களும் அந்த 10-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் நோட்டில் கோடு போட்டு எண்ணுங்கள். கண்மதிப்பு எப்போதும் குறைத்தே சொல்லும்.

முதல் மாதம் பஞ்சுப் பந்து, பிறகு வாலிபால், பிறகுதான் கால்பந்து. மூன்று மீட்டரிலிருந்து கையால் எறியுங்கள். கோல்கிக் பந்தை முட்ட விடாதீர்கள். கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும், தாடை நெஞ்சுப் பக்கம் இறுகியிருக்க வேண்டும். பந்து நெற்றியில், முடி தொடங்கும் இடத்துக்குச் சற்றுக் கீழே பட வேண்டும். பந்து தலைக்கு வந்து மோதினால் தவறு. பிள்ளை இடுப்பிலிருந்து உடலை வீசிப் பந்தை அடிக்க வேண்டும். கண்ணை மூடும் பிள்ளைக்கு உச்சந்தலையில் படும், கழுத்து தளர்ந்திருக்கும், அடி முழுதும் மூளைக்குப் போகும்.

பந்தையும் பாருங்கள். ஐந்தாம் எண் பந்தின் எடை 410 முதல் 450 கிராம். காற்றழுத்தம் விதிப்படி 8.5 முதல் 15.6 பிஎஸ்ஐ வரை இருக்கலாம். முட்டும் பயிற்சிக்கு 8.5-ஐ ஒட்டி வையுங்கள். கையால் அமுக்கிப் பார்த்து மதிப்பிடாமல் அளவுமானி வைத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் தையல் பிரிந்த பழைய பந்து தண்ணீர் குடித்துக் கனத்துவிடும். அதை முட்டவே கூடாது.

கழுத்துக்கு: உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் தள்ளச் சொல்லுங்கள், தலை அசையக் கூடாது. 8 விநாடி, ஐந்து முறை. பிறகு பின்தலை, இடம், வலம். வாரம் மூன்று நாள், ஐந்தாறு நிமிட வேலை.

இனி இரத்தப் பரிசோதனை. ஜிஎஃப்ஏபி, யூசிஹெச்-எல்1 என்ற இரண்டு புரதங்களைப் பார்க்கும் பரிசோதனைக்கு அமெரிக்காவின் மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ 2018-இல் அனுமதி கொடுத்தது. அடிபட்ட 12 மணி நேரத்துக்குள் பார்த்து, பெரியவர்களுக்கு சிடி ஸ்கேன் தேவையா என்று முடிவு செய்ய உதவுவதே அதன் வேலை. பிள்ளை மறுபடி விளையாடலாமா என்பதை அது சொல்லாது. நரம்பு இழை சேதத்தைக் காட்டும் என்எஃப்எல் என்ற இன்னொரு புரதம் பல நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு ஏறும். குத்துச்சண்டை வீரர்களிடம் அது கூடியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். இவையெல்லாம் ஆய்வாளரின் கருவிகள். மைதானத்தில் உங்கள் கண்தான் கருவி.

அடிபட்ட பிள்ளை நிலைகுலைந்து நின்றால், கேட்டதையே திரும்பக் கேட்டால், வெறித்துப் பார்த்தால் உடனே வெளியே எடுங்கள். முகத்தில் தண்ணீர் தெளித்து, இரண்டு நிமிடம் உட்கார வைத்து மறுபடி உள்ளே அனுப்பும் வழக்கத்தை இன்றோடு விடுங்கள். அன்றைக்கு அவள் ஆட்டம் முடிந்தது. கோப்பை இறுதிப் போட்டி என்றாலும் அப்படித்தான். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம், இரட்டையாகத் தெரிதல், தூக்கக் கலக்கம், கழுத்து வலி இவற்றில் ஒன்று இருந்தாலும் நேராக அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு.

ஆபத்தான அறிகுறி இல்லையென்றால், முதல் 24 முதல் 48 மணி நேரம் வீட்டுக்குள் லேசான நடமாட்டம் மட்டும்; செல்போன் மிகக் குறைவு. இருட்டறையில் நாள்கணக்கில் படுக்க வைப்பது பழைய முறை, அது குணமாவதைத் தாமதப்படுத்தும். பிறகு நடை அல்லது மெதுவான சைக்கிள். அடுத்து தனியாக ஓட்டம். அதன்பின் பந்தோடு, மோதல் இல்லாத பயிற்சி; இந்தப் படிக்கு வரும்முன் அறிகுறிகள் முழுதும் போயிருக்க வேண்டும், மருத்துவர் சம்மதமும் வேண்டும். பிறகு முழுப் பயிற்சி, கடைசியில் போட்டி. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம். நடையின்போது தலைவலி பத்துக்கு இரண்டு புள்ளிக்கு மேல் கூடினால் அன்று நிறுத்தி, மறுநாள் அதே படியில் தொடங்குங்கள். ஒரு மாதம் வரை ஆகலாம், அவசரப்படுத்தாதீர்கள்.

வாசகர், குலசேகரம்: மகள் சிலம்பம் சுற்றுகிறாள். ஓட்டத்தைவிட இது மூளைக்கு நல்லதா?

சிலம்பத்தை வைத்து ஓட்டத்தோடு ஒப்பிட்டு முடிவு சொல்வதைவிட, அதில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். தனியாகச் சுற்றும்போது கைகால் ஒருங்கிணைப்பும் வரிசையை நினைவில் வைக்கும் வேலையும் இருக்கும். எதிராளியோடு ஆடும்போது அவர் கம்பு எங்கே வருகிறது என்று பார்த்து முடிவெடுக்க வேண்டும். இளம் ஆண்களிடம் ஒரே நாடி வேகத்தில் பேட்மின்டனையும் ஓட்டத்தையும் ஒப்பிட்ட ஆய்வில், எதிராளியைப் பார்த்து ஆடும் பேட்மின்டனுக்குப் பிறகு பிடிஎன்எஃப் அதிகம் ஏறியது. வேலைக்கு வேலை மனதை மாற்றும் திறனும் மேம்பட்டது. அதே காரணம் சிலம்பத்துக்கும் பொருந்த வாய்ப்பு உண்டு. ஜோடி ஆட்டத்தில் 3 நிமிடம் விடாமல் ஆடி, 2 நிமிடம் ஓய்வு என ஆறு சுற்று வைத்தால் மூச்சு வாங்கும் பலனும் சேரும். தலைக்கவசம் இல்லாமல் வேகமாக ஜோடி ஆட விடாதீர்கள்.

வாசகி, கோட்டாறு: கல்லூரிக் காலத்தில் மாவட்ட வாலிபால் அணியில் ஆடினேன். வயது 49, மாதவிடாய் நிற்கும் கட்டம். பெயர்கள் மறக்கின்றன. இப்போது தொடங்கினால் பலன் உண்டா, அக்காலத்தில் ஆடியதே போதுமா?

அப்போது ஆடியது மட்டும் போதாது. இப்போது தொடங்கினால் பலன் உண்டு. 120 முதியவர்களை வைத்து நடந்து 2011-இல் வெளிவந்த ஆய்வில், வாரம் மூன்று நாள் 40 நிமிடம் ஓராண்டு நடந்தவர்களின் ஹிப்போகேம்பஸ் ஏறக்குறைய 2 சதவீதம் பெரிதானது; தசை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியது. சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் 191 நடுவயதுப் பெண்களை 1968-இல் சைக்கிள் மிதிக்க வைத்து அவர்களின் திறனை அளந்து, 44 ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். உயர்ந்த திறன் இருந்தவர்களில் 5 சதவீதத்தினருக்கும், நடுத்தரத் திறனினரில் 25 சதவீதத்தினருக்கும், குறைந்தவர்களில் 32 சதவீதத்தினருக்கும் மறதிநோய் வந்தது. சிறிய குழு என்பதால் இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் நடுவயதுத் திறனுக்கு எடை உண்டு.

மாதவிடாய் நிற்கும் கட்டத்தில் பெயர் மறப்பது பலருக்கும் உள்ளது. இரவு வியர்வையால் தூக்கம் கெடுவதும் அதைக் கூட்டும். முதலில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். பிறகு வாரம் மூன்று நாள் 40 நிமிட வேக நடை: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. இரண்டு நாள் எடை: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுதல், சுவரில் தள்ளுதல், தண்ணீர் நிரப்பிய 5 லிட்டர் கேனை இடுப்பை மடக்கித் தூக்குதல், ஒவ்வொன்றும் 8 முறை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். பழைய ஆட்டக்காரர்களின் ஆர்வம் முதல் வாரத்திலேயே குதித்து ஸ்மாஷ் அடிக்கச் சொல்லும்; குதிகால் தசைநாண் அதற்குத் தயாராக ஆறு வாரமாவது வேண்டும்.

உடற்கல்வி ஆசிரியை, கருங்கல்: ஆய்வக வசதி இல்லாத பள்ளியில் பிள்ளைகளின் மூளை எப்படி இருக்கிறது என்று நாங்கள் எதை வைத்துப் பார்ப்பது?

30 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்று போதும். பிள்ளையின் முன்கை மேசைமேல் இருக்க, கை விளிம்புக்கு வெளியே நீண்டிருக்கட்டும். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அளவுகோலின் சுழி இருக்கும்படி நீங்கள் மேலே பிடியுங்கள். விரல் அளவுகோலைத் தொடக் கூடாது. 2 முதல் 5 விநாடிக்குள், ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடைவெளியில், சொல்லாமல் விடுங்கள். பிடித்த இடத்தில் கட்டைவிரலின் மேல்விளிம்பு காட்டும் அளவைக் குறியுங்கள். 10 சென்டிமீட்டர் என்றால் 0.14 விநாடி, 15 என்றால் 0.17, 20 என்றால் 0.20, 25 என்றால் 0.23. முதல் இரண்டைப் பழக்கத்துக்கு விட்டு, அடுத்த ஐந்தை வரிசைப்படுத்தி நடுவில் வருவதை எடுங்கள். சராசரி எடுத்தால் கை நழுவிய ஒரு முறை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

பருவம் தொடங்கும்முன் ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வெவ்வேறு நாளில், பயிற்சிக்கு முன்பு எடுத்து வையுங்கள். ஒருத்தியை இன்னொருத்தியோடு ஒப்பிடாதீர்கள். அவளுடைய பழைய அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள். அதே தாளில் முந்தைய இரவு தூங்கிய மணி, கடைசி மாதவிடாய்த் தேதி, அந்த வாரம் தலையில் அடி ஏதும் பட்டதா என்ற மூன்றையும் எழுதுங்கள். மாதவிடாய்த் தேதியைப் பிள்ளையே எழுதி மடித்துத் தரட்டும்; அந்தத் தாள் உங்கள் அலமாரியில் பூட்டியிருக்க வேண்டும். அளவு வழக்கத்தைவிட 5 சென்டிமீட்டர் கூடி, இரண்டு மூன்று நாள் அப்படியே நின்றால் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும் கேளுங்கள். தலையில் அடிபட்ட பிள்ளைக்கு மட்டும், அளவு நன்றாக வந்தாலும், அதை வைத்து விளையாட அனுமதிக்காதீர்கள்.